தஞ்சை வட்டாரத்தில் சுதந்திரா வாக்காளர் (1959–1972)

சுதந்திரா கட்சி 1959-ல் தொடங்கப்பட்ட பின், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று விரும்பியவர்கள் தங்களுக்கென ஒரு கட்சி கிடைத்ததாக எண்ணினர். பிரிக்கப்படாத தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்த எண்ணம் கொண்ட மிராசுதார்கள், நடுத்தர நில உடைமையாளர்கள், நெல் வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள் கணிசமாக இருந்தனர். ஆனால் 1962 முதல் 1971 வரை நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் முன் நின்ற வேட்பாளர்களுள் எவரும் அவர்கள் விரும்பிய அரசை அமைக்கக்கூடியவராக இல்லை. குறைந்த தீங்கு எது என்று கணக்குப் போட்டே வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு பெரும்பாலும் பிழைத்தது. காவிரிப் பாசனத்தை நம்பி வாழும் ஊரில் ‘சிறிய அரசு’ என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வியும் இந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

நெல்லும் பெர்மிட்டும்

டெல்டா விவசாயிக்கு அரசு என்பது இரண்டு இடங்களில் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று மதகு, மற்றொன்று களம். கல்லணையிலிருந்து பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் தண்ணீரைப் பொதுப்பணித்துறை பங்கிட்டது. 1934-ல் மேட்டூர் அணை செயல்படத் தொடங்கிய பின் குறுவை நடவின் நாளே அரசு அணையைத் திறக்கும் நாளைப் பொறுத்ததாயிற்று. இதை எவரும் தலையீடு என்று கருதவில்லை. தண்ணீர் வரத் தாமதமானால்தான் புகார் எழுந்தது.

களத்துக்கு அரசு வந்தபோது நிலைமை வேறாயிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனதும் கட்டாயக் கொள்முதலும் ரேஷனும் வந்தன. உபரி மாவட்டமான தஞ்சாவூரிலிருந்து நெல் திரட்டுவது அரசுக்கு முதல் வேலையானது. அறுவடையான நெல்லில் இவ்வளவை அரசு சொன்ன விலைக்கு அளக்க வேண்டும், மீதியை வெளியூருக்கு ஏற்றப் பெர்மிட் வேண்டும் என்ற நிலை போருக்குப் பிறகும் விட்டுவிட்டு நீடித்தது. சோதனைச் சாவடியில் நெல் வண்டியை நிறுத்தும் சேவகனே தஞ்சை மிராசுதார் மனத்தில் அரசின் உருவமாக நின்றான்.

1952 ஜூனும் ஆகஸ்டும்

1952-ல் சென்னை மாகாண முதலமைச்சரான ராஜாஜி அந்த ஆண்டு ஜூன் மாதம் உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பஞ்சம் வரும் என்று பலர் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. பஞ்சம் வரவில்லை. டெல்டாவின் நெல் உடைமையாளர்களிடையே ராஜாஜிக்கு ஏற்பட்ட மதிப்பின் பெரும் பகுதி இந்த ஒரு நடவடிக்கையிலிருந்து வந்தது எனலாம்.

அந்த மதிப்புக்கு இரண்டே மாதத்தில் சோதனை வந்தது. ஆகஸ்டில் அதே ராஜாஜியின் அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (6⅔ ஏக்கர்) மேல் நன்செய் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்க வகை செய்தது. பண்ணையாளின் கூலியை உயர்த்தியது. அவனை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் அறிவித்திருந்த ராஜாஜி, கீழத்தஞ்சையில் அவர்கள் வளர்ந்ததற்கான காரணத்தைத் தாமே ஓரளவு அகற்ற முனைந்தார். மிராசுதார்கள் கசந்துகொண்டனர்.

பின்னாளில் சுதந்திரா கட்சியை மதிப்பிடுவோர் இந்த ஆகஸ்டை மறந்துவிடுவதுண்டு. சிறிய அரசின் தலைவர் என்று அறியப்பட்டவர், தேவையெனக் கண்டபோது களத்துக்குள் அரசை அனுப்பத் தயங்கவில்லை. மதுவிலக்கும் அப்படியே. 1937-ல் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கிவைத்த ராஜாஜி கடைசிவரை அதைக் கைவிடவில்லை. தனிமனிதன் எதைக் குடிக்க வேண்டும் என்பதில் அரசு தலையிடலாம், அவன் எங்கே நெல் விற்க வேண்டும் என்பதில் தலையிடக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடாக இருந்தது. தொண்டர்கள் இந்த முரணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுதந்திரா கட்சியின் வருகை

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை இலக்காக அறிவித்தது. நிலம் கையைவிட்டுப் போகும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் புதிய கட்சியின் அறிவிப்பு வந்தது. என்.ஜி. ரங்கா தலைவரானார், மினு மசானி உடன் நின்றார். ராஜாஜியே கட்சியின் குரல். ‘பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்’ என்று அவர் சூட்டிய பெயர் ‘சுவராஜ்யா’, ‘கல்கி’ இதழ்கள் வழியாக அக்ரகாரத் திண்ணைகளுக்கும் ஆலை முதலாளிகளின் கல்லாப்பெட்டிக்கும் வந்து சேர்ந்தது.

தஞ்சையில் இந்தக் கட்சி வேரூன்றியிருக்க வேண்டும் என்றே தோன்றும். அப்படி நடக்கவில்லை. பெரிய மிராசுதார்களுக்குச் சுதந்திரா கட்சி தேவைப்படாததே முதன்மைக் காரணம். அவர்களிடம் காங்கிரஸ் இருந்தது. கபிஸ்தலம் மூப்பனார் குடும்பமும் பூண்டி வாண்டையார் குடும்பமும் காங்கிரசில் இருந்தன. நில உச்சவரம்பைச் சட்டமாக்கிய கட்சியும் அதன் கூர்மையை ஊரளவில் மழுங்கச் செய்யக்கூடிய கட்சியும் ஒன்றே. 1961-ன் உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று வரம்பு வைத்தது. அறநிலையங்கள் உள்ளிட்ட பல விலக்குகளையும் தந்தது. உச்ச நீதிமன்றம் 1964-ல் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் அதே ஆண்டு அதற்கு உயிர் கொடுத்தது. இந்தப் போக்குவரத்துக்கிடையே நிலத்தைப் பங்கிட்டு எழுதி வைக்கப் போதிய அவகாசம் கிடைத்தது. எனவே சுதந்திரா கட்சிக்கு மிஞ்சியவர்கள் அதிகாரத்தோடு நேரடித் தொடர்பில்லாத நடுத்தர உடைமையாளர்கள், வியாபாரிகள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், வக்கீல்கள் ஆகியோரே.

அவர்களும் அரசை முழுதாக வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. 1960-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று ஊரில் அறியப்பட்ட இதன் மூலம் விதை, உரம், கூட்டுறவுக் கடன், கிராம சேவகரின் ஆலோசனை எல்லாம் ஒன்றாக வந்தன. ஆடுதுறை அரசு ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் அறுபதுகளின் நடுவில் குறுவைப் பரப்பில் வேகமாகப் பரவியது. கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்தவரே கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கினார்.

1962

1962 தேர்தலில் தமிழகத்தில் சுதந்திரா கட்சி தனக்கென வாக்குக் கேட்டது. திராவிட முன்னேற்றக் கழகத்துடன் முழுமையான உடன்பாடு ஏற்படவில்லை. சட்டமன்றத்தில் 206 இடங்களில் காங்கிரஸ் 139, தி.மு.க. 50, சுதந்திரா 6 என முடிவு வந்தது.

தஞ்சாவூர் தொகுதி இந்த வாக்காளரின் சிக்கலை நன்கு காட்டும். அங்கே காங்கிரஸ் சார்பில் ஏ.ஒய்.எஸ். பரிசுத்த நாடார் நின்றார், தி.மு.க. சார்பில் மு. கருணாநிதி நின்றார். கருணாநிதி 1957-ல் குளித்தலையில் வென்றவர். அங்கே நங்கவரம் பண்ணை விவசாயிகளின் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். நில உடைமையில் அரசு தலையிடக் கூடாது என்று கருதியவருக்கு அவர் எவ்வகையிலும் ஏற்ற வேட்பாளர் அல்ல. எதிரில் நின்றவரோ உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியின் வேட்பாளர். கருணாநிதி வென்றார்.

1967: அணியும் அதன் விலையும்

அடுத்த ஐந்தாண்டுகளில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. சீனப் போருக்குப் பின், 1963-ல், தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலத்தை உலுக்கியது. ராஜாஜியும் அண்ணாதுரையும் மொழிக் கொள்கையில் ஒரே பக்கம் நின்றனர். 1964 முதல் அரிசித் தட்டுப்பாடு கடுமையாகி, எம். பக்தவத்சலம் அரசு மீண்டும் கொள்முதலையும் நெல் நடமாட்டத் தடைகளையும் நாடியது. 1952-ல் போன சோதனைச் சாவடி திரும்பி வந்தது.

ராஜாஜியின் கணக்கு தெளிவானது. இருபது ஆண்டுகளாக ஒரே கட்சி ஆள்வதே எல்லாக் கேட்டுக்கும் மூலம். முதலில் அதை இறக்க வேண்டும். இறக்கும் வலிமை தி.மு.க.வுக்கு மட்டுமே உண்டு. பூணூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு முத்திரை குத்தும்படி அவர் பிராமணர்களிடம் சொன்னதாக இன்றும் சொல்லப்படுவது இந்தக் கணக்கின் சுருக்கமே.

ஆனால் தஞ்சையில் அதன் விலை மற்ற மாவட்டங்களைவிட அதிகம். தி.மு.க. அமைத்த அணியில் சுதந்திரா கட்சியோடு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. கீழத்தஞ்சையில் கூலி உயர்வுக்காகச் செங்கொடி ஏந்திய விவசாயத் தொழிலாளரின் கட்சியும் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர்கள் நம்பிய கட்சியும் ஒரே அணியில் இருந்தன. தி.மு.க.வின் தேர்தல் வாக்குறுதியோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது. நகரத்தில் படி அரிசியை ஒரு ரூபாய்க்கு விற்க வேண்டுமானால் எங்கோ ஒரு களத்தில் நெல் மலிவாக அளக்கப்பட வேண்டும், அல்லது வரிப்பணம் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். இரண்டும் சுதந்திரா கொள்கைக்கு நேர் எதிரானவை. நெல் விற்பவருக்கு இது புரியாமல் இருந்திருக்க முடியாது.

காங்கிரசும் தி.மு.க.வும் தலா 41 விழுக்காட்டை ஒட்டி வாக்குகள் பெற்றன. சுதந்திரா கட்சி சுமார் 5 விழுக்காடு பெற்றது. இவ்வளவு நெருங்கிய போட்டியில் அந்த 5 விழுக்காட்டுக்காரர்கள் மற்றத் தொகுதிகளில் உதயசூரியனுக்கு அளித்த ஆதரவு சிறியதல்ல. 234 இடங்களில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. சுதந்திரா 20 இடங்களைப் பெற்றது. கூட்டணியின் தயவு தேவைப்படாத அளவுக்குத் தி.மு.க.வுக்குப் பெரும்பான்மை கிடைத்ததால் அது தனித்தே அமைச்சரவை அமைத்தது. சுதந்திரா கட்சிக்குக் கொள்கையில் பேரம் பேசும் வாய்ப்பே அமையவில்லை.

மாநிலமெங்கும் காங்கிரஸ் சாய்ந்த அந்த ஆண்டில் தஞ்சாவூர் தொகுதியில் காங்கிரசின் பரிசுத்த நாடார் வென்றார். கருணாநிதி சைதாப்பேட்டைக்கு மாறியிருந்தார். ராஜாஜி போட்ட கணக்கைத் தஞ்சை நகரம் முழுதாக ஏற்கவில்லை என்று இதைக் கொள்ளலாம். தெரிந்த தீங்கே மேல் என்று எண்ணியவர்களும் இருந்தனர்.

இரண்டு குடியரசுத் தலைவர் தேர்தல்கள்

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். எனவே 1967-ல் வென்ற சுதந்திரா உறுப்பினர்கள் தங்கள் வாக்காளரின் இக்கட்டைத் தாங்களும் அனுபவித்தனர்.

1967 மே மாதத் தேர்தலில் தெரிவு எளிதாக இருந்தது. காங்கிரசின் ஜாகிர் உசேனை எதிர்த்து நின்ற கே. சுப்பா ராவ், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்ற கோலக்நாத் தீர்ப்பை அந்த ஆண்டு பிப்ரவரியில் வழங்கிய தலைமை நீதிபதி. சொத்துரிமையும் அன்று அடிப்படை உரிமையே. நில உச்சவரம்பை எதிர்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேட்பாளர் கிடைத்திருக்க முடியாது. அவர் 3,63,971 வாக்கு மதிப்புப் பெற்று, 4,71,244 பெற்ற ஜாகிர் உசேனிடம் தோற்றார்.

1969-ல் நிலை தலைகீழானது. ஜாகிர் உசேன் மே மாதம் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். ஜூலையில் இந்திரா காந்தி 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கினார். ஆகஸ்டில் நடந்த தேர்தலில் வி.வி. கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டி, சி.டி. தேஷ்முக் ஆகிய மூவர் முதன்மையாக நின்றனர். கிரி தொழிற்சங்கத் தலைவர். இந்திரா காந்தியின் ஆதரவு பெற்றவர். 1937-ல் ராஜாஜியின் அமைச்சரவையிலேயே தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர். ரெட்டி காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர். பழைய தலைவர்களின் ஆள். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் தேஷ்முக்கை நிறுத்தின.

தேஷ்முக் நேர்மையும் புலமையும் வாய்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி அரசுடைமையானபோது அதன் ஆளுநர் அவர். இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியானபோதும், 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டபோதும் நிதியமைச்சர் அவர். வங்கி தேசியமயத்துக்கு எதிரான கட்சி, காப்பீட்டைத் தேசியமயமாக்கியவரைத் தன் வேட்பாளராகக் கொள்ள நேர்ந்தது. மற்ற இருவரோடு ஒப்பிட்டால் அவரே மேல் என்பதற்கு அப்பால் இதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம்.

இந்தத் தேர்தல் முறையில் இரண்டாம் விருப்ப வாக்கும் உண்டு. தேஷ்முக்குக்கு முதல் விருப்பம், ரெட்டிக்கு இரண்டாம் விருப்பம் என்பதே ஏற்பாடு. முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். இரண்டாம் விருப்பங்கள் சேர்ந்தபின் ரெட்டி 4,05,427 வரை உயர்ந்தார். கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டிக்காகச் சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களைக் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா நாடியதே, மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற முழக்கத்துக்கு இந்திரா காந்தி அணிக்குக் காரணமாக உதவியது. சுதந்திரா ஆதரவு ரெட்டிக்கு வாக்கையும் கொடுத்தது, அவருடைய எதிரிகளுக்கு ஆயுதத்தையும் கொடுத்தது.

வெண்மணிக்குப் பின்

சிறிய அரசு என்ற கோரிக்கையை நில உடைமையாளரின் பக்கமிருந்து மட்டும் பார்த்தால் தஞ்சையின் கதை பாதிதான். அறுபதுகளின் பிற்பகுதியில் கீழத்தஞ்சையில் கூலித் தகராறு முற்றியது. நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒருபுறமும் செங்கொடிச் சங்கம் மறுபுறமும் நின்றன. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் தொழிலாளர் குடும்பத்தினர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குடிசையிலிருந்தவர்களுக்கு அரசு அளவுக்கு மீறி இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-ல் நில உச்சவரம்பு 30-லிருந்து 15 தரநிலை ஏக்கராகக் குறைந்தது. 1971-ல் குடியிருப்பு மனைகளைத் தொழிலாளருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. இவை அனைத்தும் சுதந்திரா வாக்காளர் 1967-ல் தேர்ந்தெடுக்க உதவிய அரசின் சட்டங்கள். காங்கிரசே நீடித்திருந்தால் இவற்றுள் சில மெதுவாக வந்திருக்கலாம். வராமலே போயிருக்கும் என்று கருத இடமில்லை.

1971

1971-ல் ராஜாஜி மீண்டும் கணக்கை மாற்றினார். காங்கிரஸ் பிளந்திருந்தது. தி.மு.க. இந்திராவோடு சேர்ந்தது. ராஜாஜி, 1954-ல் தம் இடத்துக்கு வந்த காமராஜரோடு, அவருடைய பழைய காங்கிரசோடு, அணி சேர்ந்தார். நாகபுரித் தீர்மானத்துக்கும் 1961 உச்சவரம்புக்கும் துணைநின்ற தலைவருக்காகச் சுதந்திரா தொண்டர்கள் வாக்குக் கேட்டனர். தி.மு.க. 184 இடங்களை வென்றது. சுதந்திரா 6 இடங்களுக்கு இறங்கியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அதே எண்.

அந்த ஆண்டே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி கருணாநிதியின் வீட்டுக்கே சென்றார். 1972 டிசம்பரில் அவர் மறைந்தார். சுதந்திரா கட்சி 1974-ல் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

களத்துக்கு வந்த அரசு

1972-ல் இரண்டு அரசு நிறுவனங்கள் டெல்டாவின் அன்றாடத்தில் நுழைந்தன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் போக்குவரத்துக் கழகம் ஒன்று. தனியார் பேருந்து முதலாளிகளின் தடங்கள் பல அதன்வசம் சென்றன. மற்றொன்று தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். முதலாவதைச் சுதந்திரா ஆதரவாளர் எதிர்பார்த்தபடியே எதிர்த்தனர். இரண்டாவதன் கதை வேறு விதமாகத் திரும்பியது.

வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் காலப்போக்கில் டெல்டாவெங்கும் பரவின. தாத்தா காலத்தில் அரசுக்கு அளக்க மறுத்து நெல்லைப் பத்தாயத்தில் ஒளித்த குடும்பங்களின் பேரர்கள், இன்று குறுவை அறுவடையில் அந்த நிலையங்களின் வாசலில் நெல்லைக் குவித்துக் காத்திருக்கிறார்கள். நிலையத்தைச் சீக்கிரம் திறக்க வேண்டும், மழையில் நனைந்த நெல்லுக்கு 17 விழுக்காடு ஈரப்பத வரம்பைத் தளர்த்த வேண்டும், தார்ப்பாய் போதவில்லை என்பவை அவர்கள் மறியலில் வைக்கும் கோரிக்கைகள். தனியார் வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார், ஆனால் அரசு விலைக்கு எடுப்பதில்லை.